பத்தாம் வகுப்பு வந்த பிறகுதான் தெரியணுமா? கற்றல் குறைபாடு சான்றிதழுக்கு அலையும் பெற்றோர்

விழுப்புரம்:

பொதுத்தேர்வு எழுதும் மாணவர்களின் பெயர் பட்டியல் தயாராகும் நேரம் வந்தால் போதும். அரசு மருத்துவமனைகளின் மனநல பிரிவு வாசலில், யூனிபார்ம் போட்ட பிள்ளைகளோடு அம்மாக்கள் உட்கார்ந்திருப்பதை பார்க்கலாம்.

பிள்ளைக்கு காய்ச்சலும் இல்லை, காயமும் இல்லை. 'பையனுக்கு டெஸ்ட் எடுத்து சர்டிபிகேட் வாங்கிட்டு வாங்க'ன்னு பள்ளிக்கூடத்தில் அனுப்பி இருப்பார்கள். என்ன டெஸ்ட், எதுக்கு டெஸ்ட் என்பது வந்தவர்களில் பலருக்கு தெரியாது. 'என் புள்ள பைத்தியமா?' என்ற பயம் மட்டும் முகத்தில் தெரியும்.

பைத்தியமும் இல்லை, மக்கும் இல்லை. வாயால் கேட்டால் பதில் டாண் டாண்னு வரும். பேப்பரில் எழுதச் சொன்னால் எழுத்து இடம் மாறும், ல, ள, ழ மூன்றும் ஒன்றாகிப் போகும். நாலு வரி வாசிக்க பத்து நிமிஷம் ஆகும். சிலருக்கு எழுத்து சரியாக வரும், கணக்கு மட்டும் ஏறாது. இதைத்தான் கற்றல் குறைபாடு என்கிறார்கள். வாசிப்பில் வருவது டிஸ்லெக்சியா.

2007-ல் அமீர்கானின் 'தாரே ஜமீன் பர்' வந்தபோது எல்லோரும் கண்ணீர் விட்டு பார்த்தோம். தியேட்டரை விட்டு வெளியே வந்ததும் நம்ம வீட்டு பிள்ளையை பழையபடி 'சோம்பேறி' என்றே திட்டினோம்.

சட்டம் என்ன சொல்கிறது?

2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தில் 21 வகை குறைபாடுகள் சேர்க்கப்பட்டன. அதில் கற்றல் குறைபாடும் ஒன்று. இதை கூடிய சீக்கிரம் கண்டுபிடித்து, அதற்கேற்ற மாதிரி பாடம் நடத்த வேண்டும் என்றும் அந்த சட்டமே சொல்கிறது.

மத்திய அரசு 2018 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, 3-ம் வகுப்பிலோ 8 வயதிலோ பள்ளியிலேயே முதல் கட்ட சோதனை நடக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் டாக்டரிடம் அனுப்ப வேண்டும். சான்றிதழ் 8 வயது முதல் தரலாம். 14 வயதிலும் 18 வயதிலும் மறுபடி சோதனை. 18-ல் வாங்கும் சான்றிதழ் ஆயுசுக்கும் செல்லும்.

சான்றிதழ் இருந்தால் தமிழ்நாட்டில் பொதுத்தேர்வில் கூடுதலாக 1 மணி நேரம், சொல்வதை எழுத ஒரு ஆள், மொழிப்பாட விலக்கு ஆகிய சலுகைகள் உண்டு. இதற்காகத்தான் கடைசி நேர ஓட்டம்.

8 வயசில் பிடிக்க வேண்டியதை 15 வயசில் பிடிப்பது ஏன்? 8-ம் வகுப்பு வரை எல்லோரும் பாஸ். அதை குறை சொல்ல முடியாது, அது இல்லாவிட்டால் இந்த பிள்ளைகள்தான் முதலில் படிப்பை நிறுத்தி இருப்பார்கள். ஆனால் பிரச்சினை 9-ம் வகுப்பு வரை யார் கண்ணிலும் படாமல் ஒளிந்து கொள்கிறது.

2022-ல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்', 2025-ல் 6-ம் வகுப்புக்கு மேல் கொண்டு வந்த 'திறன்' இரண்டும் நல்ல திட்டங்கள். யாருக்கு வாசிக்க வரவில்லை என்று அதில் தெரிந்து விடும். ஏன் வரவில்லை என்பது அடுத்த கேள்வி. தனியாக சொல்லிக் கொடுத்தும் தேறாத பிள்ளையை வட்டார வள மையத்தின் சிறப்பு பயிற்றுநரிடம் அப்போதே அனுப்பினால் பாதி அலைச்சல் தீரும். புது திட்டமோ புது பணமோ இதற்கு தேவையில்லை. பட்டியல் ஏற்கனவே ஸ்கூலில் இருக்கிறது.

டெஸ்டில் என்ன நடக்கும்?

ஊசி கிடையாது, ஸ்கேன் கிடையாது. முதலில் கண், காது பார்ப்பார்கள். கண்ணாடி போட்டாலே சரியாகி விடும் பிள்ளைகளும் உண்டு. பிறகு பினே-காமத், மாலின் போன்ற அறிவுத்திறன் சோதனை. அடுத்து பெங்களூரு நிம்ஹான்ஸ் உருவாக்கிய சோதனையில் வாசிப்பு, எழுத்து, கணக்கு, கவனம், ஞாபகம் எல்லாம் பார்ப்பார்கள். பொறுமையாக செய்ய வேண்டிய வேலை. ஒரே நாளில் முடியாமலும் போகலாம்.

இங்கேதான் ஒரு சிக்கல். அறிவுத்திறனில் சராசரி 100. 70-க்கு கீழே போய், அன்றாட வேலைகளும் தானாக செய்ய முடியாவிட்டால் அறிவுசார் குறைபாடு. அதற்கு தனி சான்றிதழ், தனி உதவித்தொகை. 2018 வழிகாட்டுதல்படி கற்றல் குறைபாடு சோதனைக்கு போக 85-க்கு மேல் வேண்டும். அப்போ 70-க்கும் 85-க்கும் நடுவில் இருக்கும் பிள்ளை? 'மெதுவா படிக்கிறவன்' என்ற பேர் மட்டும் கிடைக்கும். எழுத ஆளும் இல்லை, கூடுதல் நேரமும் இல்லை. இந்த பிள்ளைகளைப் பற்றி பேச ஆளே கிடையாது.

இன்னொன்று மொழி. நிம்ஹான்ஸ் சோதனை ஆங்கிலத்தில் உருவானது. மூளை ஆராய்ச்சி மையம் 2015-ல் கொண்டு வந்த 'டாலி' சோதனையும் முதலில் இந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலத்தில்தான் வந்தது. செஞ்சி பக்கத்து கிராமத்தில் தமிழ் வழியில் படிக்கும் பையனுக்கு ஆங்கில வார்த்தையை காட்டி படிக்கச் சொன்னால், குறைபாடு இருக்கிறதா, இங்கிலீஷ் தெரியவில்லையா என்று எப்படி பிரிப்பது? பையனுக்கு தெரிந்த மொழியில் சோதிக்கச் சொல்லி கேட்க பெற்றோருக்கு உரிமை இருக்கிறது. தைரியமாக கேளுங்கள்.

தூரமும் இருக்கிறது. மேல்மலையனூர் பக்கம் இருந்து முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வர பஸ் மாறி வரணும். அன்றைய கூலி போச்சு. மூன்று தடவை வரச் சொன்னால் இரண்டாவது தடவையே நின்று விடுவார்கள்.

தனியாரிடம் போகலாமா?

போகலாம், ஆனால் கவனம். 'கவுன்சிலிங் சென்டர்' போர்டு மாட்டியவர் எல்லாம் இந்த சோதனை எடுக்க முடியாது. இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்த மருத்துவ உளவியலாளரா என்று கேளுங்கள். பதிவு எண் இருக்கும். காசு கட்டும் முன்பு இன்னொன்றையும் தெரிந்து கொள்ளுங்கள். தனியார் தரும் ரிப்போர்ட் வேறு, அரசு மருத்துவக் குழு தரும் சான்றிதழ் வேறு. சட்டப்படியான சலுகைக்கு இரண்டாவதுதான் ஆதாரம்.

பெரியவர்களுக்கும் இது பொருந்தும். சின்ன வயசில் யாரும் கண்டுபிடிக்காமல் விட்டு, இப்போது அரசு வேலை தேர்வுக்கு படிக்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். 40 சதவீத குறைபாடு இல்லை என்பதற்காக மட்டும் எழுத ஆள் தர மறுக்கக் கூடாது என்று 2021 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு சொன்னது. எழுதும்போது கை இழுத்துக் கொள்ளும் பிரச்சினை உள்ள ஒரு தேர்வர் போட்ட வழக்கு அது. அதற்கு பிறகு 2022 ஆகஸ்டில் மத்திய அரசு தனி விதிமுறையும் வெளியிட்டது. 40 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் வேலைவாய்ப்பில் இட ஒதுக்கீடும் உண்டு.

டெஸ்டுக்கு போகிறவர்கள் பிள்ளையின் ஆதார், பள்ளி அனுப்பிய கடிதம், பழைய மார்க் அட்டை இவற்றோடு, 2 வருஷத்து நோட்டு புத்தகங்களையும் எடுத்துக்கொண்டு போகவும். பிள்ளை தப்பு தப்பாக எழுதிய பக்கம்தான் டாக்டருக்கு வேண்டும். திருத்தி எழுதிய நோட்டை கொண்டு போகாதீர்கள். காலையில் பிள்ளைக்கு சாப்பாடு கொடுத்து கூட்டிப் போங்கள். பசியோடு உட்கார்ந்தால் தெரிந்த பதிலும் வராது.