புகார்க் குழுவுக்குத் தேர்தல் நடத்துக!

2025 ஜூலையில் ஒடிசா மாநிலம் பாலசோரில் கல்லூரி மாணவி ஒருவர் தீக்குளித்து உயிரிழந்தார். துறைத் தலைவர் மீது பாலியல் துன்புறுத்தல் குற்றம்சாட்டி, கல்லூரி நிர்வாகத்திடம் ஏற்கெனவே முறையிட்டிருந்தவர் அவர்.

சட்டத்திற்குப் பஞ்சமில்லை. 1997இல் உச்ச நீதிமன்றத்தின் விசாகா தீர்ப்பு, 2013இல் நாடாளுமன்றச் சட்டம், 2015இல் பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிமுறைகள் என அடுத்தடுத்து வந்துள்ளன. அவ்விதிமுறைகளின்படி ஒவ்வொரு வளாகத்திலும் உள்ளகப் புகார்க் குழு கட்டாயம். விசாரணை 90 நாள்களுக்குள் முடிய வேண்டும். துணைவேந்தர், பதிவாளர், துறைத் தலைவர் போன்றோர் உறுப்பினராக இருக்கக் கூடாது. மாணவர் தொடர்புடைய விசாரணையில், ஜனநாயக முறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட மூன்று மாணவர்கள் இடம்பெற வேண்டும்.

இந்தக் கடைசி விதியைத்தான் நிர்வாகங்கள் அஞ்சுகின்றன. தில்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் 1999 முதல், தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகளுடன் இயங்கிவந்த பாலினச் சமத்துவக் குழுவை நிர்வாகம் 2017இல் கலைத்தது. அதன் இடத்தில் வேறொரு குழுவை அமர்த்தியது. மாணவர்களும் ஆசிரியர்களும் எதிர்த்துப் போராடியது பொருளற்றதன்று. மதிப்பெண்ணும் ஆய்வுப் பட்டமும் எவர் கையில் உள்ளனவோ, அவருக்கு எதிராகவே மாணவி பேச வேண்டியுள்ளது. நிர்வாகம் பொறுக்கியெடுத்த குழுவின் முன் அவள் எந்த நம்பிக்கையில் வாய் திறப்பாள்?

பேரவைத் தேர்தலே மறுக்கப்படும் வளாகங்களில் புகார்க் குழுவுக்கு மட்டும் ஜனநாயகம் வந்துவிடாது. இரண்டும் ஒரே போராட்டம். மாணவர், மாதர், ஆசிரியர் அரங்குகளில் பணியாற்றும் தோழர்கள் தத்தம் பகுதிக் கல்லூரிகளில் குழு உள்ளதா, உறுப்பினர் பெயர்கள் அறிவிப்புப் பலகையில் உள்ளனவா, மாணவர் பிரதிநிதிகள் தேர்ந்தெடுக்கப்பட்டனரா என்று கேட்க வேண்டும். இல்லையெனில் அங்கிருந்தே இயக்கத்தைத் தொடங்க வேண்டும். இன்னொரு மாணவியின் சாவுக்குப் பிறகு அல்ல, இப்போதே.