கூட்டிய அளவு முற்றிய நோயா?

வளர்ந்தவர்களின் ஏடிஎச்டி என்ற கவனச்சிதறல் கோளாறுக்குக் கொடுக்கப்படும் மெதில்பெனிடேட் குளிசையைப் பற்றி ஒரு நம்பிக்கை ஊறிக் கிடக்கிறது: குறைந்த அளவில் இருப்பவர் தேறி வருகிறார், வைத்தியர் அளவைக் கூட்டினால் நோய் முற்றிவிட்டது, அல்லது மருந்து ஆளைப் பிடித்துக்கொண்டது. இது பிழையான நம்பிக்கை. உரிய அளவை எட்டுமுன்பே பலரை மருந்தைக் கைவிடச் செய்வதும் இதுதான்.

இந்த மருந்தைப் பெரும்பாலும் உடைப்பது ஈரலிலுள்ள சிஇஎஸ்1 என்ற நொதி. அதன் வேகம் ஆளுக்கு ஆள் மாறும். ஒரே குளிசையை விழுங்கிய இருவரின் இரத்தத்தில் மருந்து ஒரே அளவாக இராது. உடல் எடையும் வழிகாட்டாது. ரப்போர்ட், டெனி என்ற ஆய்வாளர்கள் ஏடிஎச்டி உள்ள சிறுவர்களை ஆராய்ந்து 1997இல் வெளியிட்ட முடிவு, எடையை வைத்துப் பலனைக் கணிக்க இயலாது என்பதே. இதற்கேற்பப் பிரித்தானிய மருத்துவ வழிகாட்டல் பெரியவருக்கு 5 மில்லிகிராமை நாளுக்கு இரண்டு மூன்று வேளையாகத் தொடங்கி, வாரந்தோறும் பார்த்துக் கூட்டி, தேவையானால் நாளொன்றுக்கு 100 மில்லிகிராம் வரை போக இடம் தருகிறது. இவ்வளவு அகலமான எல்லைக்குள் ஒருவருக்குரிய இடத்தை முதல் நாளிலேயே எந்த நிபுணராலும் சொல்ல முடியாது. 20இல் நிற்பவரைவிட 60இல் நிற்பவர் கடும் நோயாளி என்று அளவை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

கூட்டிக்கொண்டே போவதுதானே அடிமைத்தனம் என்பார்கள். இம்மருந்தைத் துஷ்பிரயோகம் செய்யும் ஆபத்து உண்மையானது, மறைக்கக் கூடாது. ஆனால் அடிமைப்பட்டவர் போதைக்காகத் தானே கூட்டுகிறார். இங்கே, தொடங்கிய வேலை முடிகிறதா என்று பார்த்து வைத்தியர் கூட்டுகிறார். பலன் கிடைத்த இடத்தில் நிறுத்துகிறார். நெஞ்சு படபடத்தால், உணர்ச்சி மரத்தால் குறைக்கிறார். குறைவே பாதுகாப்பு என்போருக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: போதாத அளவில் பசி கெடலாம், வாய் உலரலாம், கவனம் மட்டும் திரும்பாது. இன்னொரு சிக்கலும் உண்டு. சாதாரணக் குளிசையின் வேலை சில மணி நேரத்தில் அடங்கிவிடும். மாலையில் மனம் சிதறினால், போதாதது அளவா, வேளையா என்று முதலில் பிரித்தறிய வேண்டும்.

இப்படி அடிக்கடி பார்த்துக் கூட்டுவதற்கு எதிரான கனமான ஆட்சேபம் தூரம். இலங்கையின் மாத்தளை மாவட்டத்து வஹகோட்டையிலிருந்து மாத்தளை நகருக்கோ கண்டிக்கோ கிளினிக்குக்குப் போகிறவர் ஒரு நாள் கூலியை இழக்கிறார். வாராவாரம் வரச் சொல்வது கொடுமை. ஆனால் வாரக் கணக்கு கட்டாயமில்லை, மெதுவாகவும் கூட்டலாம். பக்கத்து ஆஸ்பத்திரியில் பிறஷரும் நாடித்துடிப்பும் பார்த்து, குளிசை எடுத்த நேரம், பலன் அடங்கிய நேரம், தூக்கம், சாப்பாடு ஆகியவற்றைக் கொப்பியில் குறித்துவந்தால், மாதம் ஒருமுறை சந்திக்கும் வைத்தியருக்கும் முடிவெடுக்க அது போதும். தூரத்தைக் காரணம் காட்டித் தொடக்க அளவிலேயே ஒருவரை மாதக்கணக்கில் விட்டுவைப்பதை நான் ஏற்கமாட்டேன்.