ஆட்டக்களத்தில் நாவடக்கம்

எடப்பாடிச் சிறுவனுக்கு உரத்துப் பேச எவரும் கற்றுத்தர வேண்டியதில்லை. விசைத்தறி ஓடும் வீட்டில் தாயும் பிள்ளையும் இரண்டு வார்த்தை பேசவேண்டுமானால் முதலில் தறியின் ஓசையை வென்றாகவேண்டும். அப்படிப் பழகிய குரல் கால்பந்தாட்ட மைதானத்தில் பெரும் பலமாகக்கூடியது. ஆனால் அக்குரல் அங்கே எதற்கு உபயோகமாகிறது என்பதே நாம் இன்று விசாரிக்க விரும்பும் விஷயம்.

சென்ற மாதம் இவ்வூருக்கருகே சிறுவர் பந்தயம் ஒன்றைக் கண்டோம். முற்பாதியில் பிள்ளைகள், "ஆள் வருது", "எனக்கு விடு", "திருப்பிக் கொடு" என்று ஒருவரையொருவர் கூவி எச்சரித்து அழகாக ஆடினார்கள். பந்தைக் காலில் வைத்திருப்பவனுக்கு முதுகில் கண் இல்லை. தோழனுடைய வாயே அவனுக்குக் கண். பிற்பாதியில் ஒரு கோல் விழுந்ததும் அந்தப் பேச்சு நின்று வேறு பேச்சுக் கிளம்பிற்று. நடுவரை வைதார்கள், எதிரியின் தாயை இழுத்தார்கள், முடிவில் ஒரு பையன் மற்றொருவனை ஜாதிப் பெயரிட்டு இழித்தான். எல்லைக்கோட்டருகே நின்ற பெரியோர் சிலர் அதைக் கேட்டுச் சிரித்தார்கள். பையனுடைய சொல்லைவிட அந்தச் சிரிப்பே நம் மனத்தை அதிகமாகப் புண்படுத்திற்று.

ஆட்டத்தின் சூட்டில் வரும் வார்த்தையைப் பெரிதுபடுத்தலாமா என்று கேட்பார் உண்டு. ஆட்டவிதிகள் அதைச் சிறிதாக எண்ணவில்லை. 12-வது விதியின்படி, நடுவரின் தீர்ப்பை வாயால் எதிர்ப்பவனுக்கு மஞ்சள் அட்டை. இழிசொல் கூறுபவனுக்குச் சிவப்பு அட்டை. எதிரியின் பின்னால் நின்று, அவன் தோழனைப்போல் "விடு" என்று கூவி ஏமாற்றுவதும் சாமர்த்தியமன்று, குற்றமே.

2006-ஆம் வருஷம் ஜூலை 9-ந் தேதி பெர்லினில் நடந்த உலகக் கோப்பை இறுதிப் பந்தயத்தை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். இத்தாலியரான மட்டெராஸியின் இழிசொல்லைப் பொறாத பிரெஞ்சுத் தலைவர் ஜிடேன், அவரை மார்பில் தலையால் முட்டி, ஆட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்டார். பின்னர் உலகச் சங்கம், முட்டியவருக்கு 3 பந்தயங்களும் பேசியவருக்கு 2 பந்தயங்களும் தடை விதித்தது. அடித்தவன் மட்டுமல்ல, அடிக்கத் தூண்டிய நாவும் தண்டனைக்குரியதே என்பது அத்தீர்ப்பின் பொருள்.

நமது தேசத்தின் பெருமையும் இதையே போதிக்கிறது. 1911-ஆம் வருஷம் ஜூலை 29-ந் தேதி கல்கத்தாவில் மோகன் பாகன் கோஷ்டியார், ஒருவர் நீங்கலாக வெறுங்காலுடன் ஆடி, கிழக்கு யார்க்ஷயர் பட்டாளத்தாரை 2-1 என்று வென்று கேடயத்தைக் கைப்பற்றினார்கள். ஆண்ட ஜாதியை எதிர்த்து ஆடிய அன்று நமக்குக் கீர்த்தி தந்தவை இரண்டு கோல்கள், வசைமொழிகளல்ல. இன்றோ எதிரே நிற்பவன் அந்நியனல்லன். அடுத்த தெருப் பிள்ளை. அவனை ஜாதி சொல்லி இழிப்பவன், எத்தனை கோல் போட்டாலும், தேசத்தைத் தோற்கடித்தவனாகிறான்.

பரிகாரம் பந்தயம் நடத்துவோர் கையில் இருக்கிறது. சிறுவர் ஆட்டங்களில் வாய்த்துடுக்குக் காட்டுபவனைச் சிறிது நேரம் வெளியே உட்காரவைக்க 2017 முதல் விதி இடங்கொடுக்கிறது. இங்கிலாந்தில் 31 லீக்குகளில் இம்முறையைச் சோதித்ததில், நடுவரோடு வாதாடுவது 38 சதவிகிதம் குறைந்ததென்று அந்நாட்டுச் சங்கம் அறிவித்தது. இங்கும் அதைக் கையாளலாகாதா?

தலைவர்கள் பெயரால் கோப்பை வைத்துப் பந்தயம் நடத்தும் அரசியல் ஊழியர்களுக்கு ஒரு வார்த்தை. ஜாதிச் சொல் எழுந்த அக்கணமே, சொன்னவன் உங்கள் சொந்தக் கோஷ்டியின் சிறந்த ஆட்டக்காரனேயானாலும், வெளியே அனுப்புங்கள். சிரிக்கும் பெரியோரையும் அவனோடு அனுப்புங்கள். அதனால் கோப்பை போகுமானால் போகட்டும். மேடையில் சமத்துவம் பேசிவிட்டு மைதானத்தில் காதைப் பொத்திக்கொள்பவர்களை, அந்தப் பிள்ளைகள் ஒரு நாளும் நம்பமாட்டார்கள்.