பங்களா பார்க்கப் போகிறவர்களுக்கு

போன மாதம் சாத்தான்குளத்தில் எங்கள் தெருவுக்கு வந்திருந்த கல்லூரித் தம்பி ஒருவர் செல்போனில் படம் காட்டினார். பனிமூட்டம், தேயிலைச் சரிவு, வெள்ளைக்காரன் காலத்துப் பங்களா, கடைசியில் பூட்டிக் கிடக்கும் ஓட்டு வீடுகள். "மாஞ்சோலைண்ணே. பேய் ஊரு மாதிரி சூப்பரா இருக்கு" என்றார். திண்ணையில் இருந்த என் சித்தி போனை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தாள். "எய்யா, இது எங்க லயன்லா. மூணாவது வீடு நம்ம வீடு" என்றாள். தம்பிக்குப் பேச்சு வரவில்லை. அவர் மேல் தப்பு இல்லை. அவருக்கு யாரும் சொல்லவில்லை.

1929-ல் சிங்கம்பட்டி ஜமீன் 8,374 ஏக்கர் காட்டை 99 வருடக் குத்தகைக்கு பம்பாய் பர்மா கம்பெனிக்குக் கொடுத்தது. 1885-ல் வெள்ளையன் பர்மா மேல் படையெடுக்கச் சாக்காக இருந்ததே, அதே தேக்கு மரக் கம்பெனிதான். ஜமீன் ஒழிந்தது, வெள்ளையன் போனான். குத்தகை மட்டும் போகவில்லை. காட்டை வெட்டித் தேயிலை வைக்க மலை ஏறியவர்களில் பெரும்பாலோர் கீழே ஒரு சென்ட் நிலம் இல்லாத நம் சனம். அட்டை கடிக்க, கங்காணி ஏச, நாலு தலைமுறை கொழுந்து பறித்தது.

கூலி உயர்வு கேட்டதற்காக அறுநூறுக்கும் மேற்பட்டவர்கள் சிறையில் கிடந்தார்கள். அவர்களை விடுதலை செய் என்று 1999 ஜூலை 23 அன்று நெல்லையில் ஊர்வலம் போனது. கலெக்டர் ஆபீஸ் பக்கம் போலீஸ் தடியடி. ஓடியவர்கள் தாமிரபரணியில் இறங்க, 17 பேர் பிணமானார்கள். அதில் ஒன்று ஒன்றரை வயசுப் பிள்ளை. விசாரித்த மோகன் கமிஷனோ தண்ணீரில் மூழ்கிச் செத்ததாக எழுதி வைத்தது. தண்ணீருக்குள் விரட்டியது யார் தோழர்களே? (போலீஸ் தடி என்றால் என்ன என்று 2020-ல் எங்கள் ஊர் பேரைச் சொல்லி நாடே பேசியது. எங்கள் சேரிக்கு அது அதற்கு முன்பே தெரியும்.) சித்தப்பா அன்றைக்கு ஒற்றைச் செருப்போடு வீடு வந்து சேர்ந்தார். இன்றுவரை அதைப் பற்றி வாய் திறந்தது இல்லை.

2018-ல் அந்த மலையைக் காப்புக்காடாக அரசு அறிவித்தது. 2024 ஜூனில், குத்தகை முடிய நாலு வருடம் இருக்கும்போதே, கம்பெனி விருப்ப ஓய்வு என்று கையெழுத்து வாங்கியது. பணத்தில் கால்வாசி முதலில், மிச்சம் வீட்டைக் காலி செய்த பிறகு. இதற்குப் பேர் விருப்பம்! அந்த டிசம்பரில் மதுரை உயர்நீதிமன்றக் கிளையும் காட்டை மீட்கச் சொல்லிவிட்டது.

காடு திரும்ப வரட்டும். புலிக்கும் நமக்கும் பகை கிடையாது. 1988-லிருந்து களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் இருக்கிறது. புலியும் இருந்தது, நம் சனமும் இருந்தது. என் கேள்வி வேறு. நாளைக்குச் சுற்றுலா என்று வரும்போது எந்தக் கட்டடம் நிற்கும், எது இடியும்? துரை பங்களாவுக்குச் சுண்ணாம்பு அடித்து விருந்தினர் மாளிகை ஆக்கிவிட்டு, லயனை மட்டும் ஆக்கிரமிப்பு என்று தரைமட்டம் ஆக்கினால், அது வனப் பாதுகாப்பு அல்ல, சாதி. இடிப்பதானால் இரண்டையும் இடி. வைப்பதானால் லயனையும் வை. தென்னாப்பிரிக்காவின் ராபன் தீவில் 1997-லிருந்து, அங்கே சிறை கிடந்த அரசியல் கைதிகளே வருகிறவர்களுக்கு அந்தச் சிறையைச் சுற்றிக் காட்டினார்கள். மாஞ்சோலையைக் காட்ட என் சித்தியை விட்டால் வேறு யாருக்குத் தகுதி?

அதற்கும் முந்தியது நிலம். கம்பெனிக்கு எட்டாயிரம் ஏக்கர் கொடுக்க முடிந்த நாட்டில், இறக்கிவிட்ட குடும்பத்துக்குச் சாகுபடி நிலம் கேட்டால் அடுக்குமாடிக் குடியிருப்பைக் கை காட்டுகிறார்கள். மண்வெட்டி பிடித்த கையை மூணாவது மாடியில் வைத்து என்ன செய்ய?

அந்தத் தம்பி போகும்போது ஜூலை 23 அன்று கொக்கிரகுளம் ஆற்றங்கரைக்கு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். கூட்டாளிகளையும் கூட்டிட்டு வாய்யா என்றாள் சித்தி.