புதுக் கம்ப்யூட்டர் வந்தாச்சு!

விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-உடன் நின்றதால், எங்கள் வீட்டுக்கும் விண்டோஸ் 11 வந்தது. முதல் நாளே தகராறு! மூலையில் இருந்த ஸ்டார்ட் பட்டன் நடுவில் வந்து உட்கார்ந்திருக்கிறது. அடுத்த வீட்டு அடுக்களையில் உப்பு டப்பா தேடுகிற மாதிரி கை தடுமாறியது.

“அம்மாவுக்கு வராது” என்று பிள்ளை சிரித்தான். சிரிக்கட்டுமே! கீழ்ப்பட்டையில் மௌஸின் வலது பட்டனை அழுத்தி, டாஸ்க்பார் செட்டிங்ஸ் போய், டாஸ்க்பார் பிஹேவியர்ஸில் அலைன்மென்ட்டை ‘லெஃப்ட்’ ஆக்கினேன். பழைய இடத்துக்கே வந்துவிட்டது!

ஒன்று மட்டும், சகோதரிகளே. பழைய கம்ப்யூட்டரை எக்ஸ்சேஞ்சில் போட அவசரப்படாதீர்கள். போட்டோக்களைப் பென் டிரைவில் எடுத்து, புதியதில் ஏற்றித் திறந்து பார்த்த பிறகே அனுப்புங்கள். நான் பார்த்தபோது, பெண்ணின் காதுகுத்துப் படங்களையே காணோம்! பென் டிரைவ் நிரம்பி, பாதியில் நின்றிருக்கிறது. நல்லவேளை, பழையது அலமாரியில் இருந்தது.