கதிர் பட்ட விதையும் காரணமற்ற பயமும்

காமா கதிர் பாய்ச்சிய விதையிலிருந்து உருவான ரகத்தைச் சாப்பிட்டால் கதிர்வீச்சு உடம்பில் ஏறும் என்ற நம்பிக்கை தமிழ்நாட்டில் வேர்விட்டிருக்கிறது. படித்தவர்களும் இதற்கு விலக்கல்ல. நாட்டு விதை அமுதம், "அணு விதை" நஞ்சு என்று பங்கு பிரித்துப் பேசும் வாட்ஸ்அப் செய்திகளுக்குக் குறைவே இல்லை. இந்த நம்பிக்கை அரைகுறை உண்மைகூட இல்லை, முழுத் தவறு.

விதைக்குப் பாய்ச்சப்படும் காமா கதிர் பெரும்பாலும் கோபால்ட்-60இலிருந்து வருகிறது. அதன் ஆற்றல் 1.17, 1.33 மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட். விதையில் நிறைந்திருக்கும் கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன் ஆகியவற்றின் அணுக்கருவைக் குலைக்க 10 மில்லியனுக்கும் மேல் வேண்டும். ஆகவே கதிர் விதையைக் கடந்து போகிறது, மரபணுவைச் சிதைக்கிறது, ஆனால் விதையைக் கதிரியக்கப் பொருளாக்குவதில்லை. மார்பு எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு வெளியே வருபவர் யாருக்கும் கதிர் வீசுவதில்லை, அதே கதைதான். நியூட்ரான் பாய்ச்சும் முறையில் மட்டும் விதையில் சிறிதளவு கதிரியக்கம் தோன்றும். அந்த விதையை யாரும் தின்பதில்லை. அதிலிருந்து பல தலைமுறை தாண்டிய பயிர்தான் சந்தைக்கு வருகிறது.

அந்தத் தலைமுறைக் கணக்குதான் கதிரால் புது ரகம் தேடும் இந்த வேலையின் உயிர்நாடி. நிலக்கடலை விதைக்குப் பொதுவாக 200 முதல் 300 கிரே (உட்கொள்ளும் கதிரின் அலகு) வரை கொடுப்பார்கள். உடல் முழுதும் 5 கிரே பட்டாலே மனிதன் சிகிச்சையின்றிப் பிழைப்பது அரிது. காய்ந்த விதையில் ஈரம் குறைவு என்பதால் அது தாக்குப்பிடிக்கிறது. கதிர் பட்ட விதையை விதைத்தால் முதல் தலைமுறையில் முளைக்காதவையும் குட்டையாக நிற்பவையும்தான் அதிகம். ஒடுங்கிக் கிடக்கும் மாற்றங்கள் இரண்டாம் தலைமுறையில்தான் வெளியே வரும். ஆராய்ச்சியாளர் அப்போது வரிசை வரிசையாக நடந்து ஒவ்வொரு செடியாகப் பார்க்கிறார். வெளிறிய இலை, மலட்டுப் பூ, சூம்பிய காய். ஏறக்குறைய எல்லாமே குப்பைக்குப் போகின்றன. தேறிய ஓரிரு செடிகளைப் பல பருவங்கள் வளர்த்து, பல ஊர்களில் சோதித்த பிறகே ஒன்று ரகம் என்ற பெயர் பெறுகிறது.

கதிர் ஒரு மந்திரக்கோல் என்ற எதிர்க்கோடி மயக்கமும் ஒரு காலத்தில் இருந்தது. எக்ஸ் கதிர் மரபணுவை மாற்றும் என்று முல்லர் 1927இல் ஈக்களிலும், ஸ்டாட்லர் 1928இல் பார்லியிலும் காட்டினார்கள். 1959இல் இங்கிலாந்தில் மூரியல் ஹோவர்த் அணுத் தோட்டச் சங்கமே தொடங்கி, வீட்டுத் தோட்டக்காரர்களுக்குக் கதிர் பட்ட விதை அனுப்பினார். இந்தியாவில் எம். எஸ். சுவாமிநாதன் குழு சொனோரா-64 கோதுமையிலிருந்து உருவாக்கிய சர்பதி சொனோரா, சிவப்பு மணியை மக்கள் விரும்பும் வெளிர்மணியாக்கியது. அது உண்மையான வெற்றி. அதில் லைசின் என்ற அமினோ அமிலம் கூடுதல் என்று சொன்னது மட்டும் பின்னால் பெரிய சர்ச்சையானது. துறையின் மிகைப்பேச்சைக் கண்டிக்க விரும்புகிறவர்களுக்கு இதுவே நல்ல சான்று. நஞ்சுக் கதை தேவையில்லை.

உள்ளூர்க் கதை இதைவிடச் சாதாரணமானது. எம்டியு 1 என்ற பாகல் ரகம் காமா கதிர் கொண்டு உருவாக்கப்பட்டது. எம்டியு 1 மிளகாய், கோவில்பட்டி கே 1 ரகத்தில் அதே கதிர் தந்த மாற்றம். செடி கச்சிதமாக நிற்க, காய்கள் கொத்துக் கொத்தாய்க் காய்க்கும். பெரியகுளத்தின் பிகேஎம் 1 தக்காளி, அண்ணாஞ்சி என்ற நாட்டு ரகத்தில் தூண்டிய மாற்றத்தால் வந்தது. டிராம்பே பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் முதல் நிலக்கடலை ரகமான டிஜி 1, எக்ஸ் கதிரில் பிறந்து 1973இல் வெளியானது. அதற்குப் பின் வந்த டிராம்பே ரகங்களை லட்சக்கணக்கானோர் தின்று வருகிறார்கள். கடலை தன் மகரந்தத்தால் காய்ப்பது. உழவர் அறுவடையிலிருந்தே விதை எடுத்து வைக்கலாம். "அணு விதை" உழவனை அடிமையாக்கும் என்ற குற்றச்சாட்டும் இங்கே நிற்பதில்லை.

எல்லாப் பயமும் காரணமற்றதல்ல. கண்ணுக்குத் தெரியாத ஆபத்துக்கு அஞ்ச வடசென்னையின் மணலி புதுநகர், எண்ணூர், திருவொற்றியூர் மக்களுக்குக் காரணம் உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் கொசஸ்தலை ஆற்றில் பரவி எண்ணூர்க் கழிமுகத்தில் படிந்தது. அதே மாதம் பெரியகுப்பம் அருகே அமோனியா கசிந்து ஊர் மக்கள் இரவோடு இரவாக வீட்டைவிட்டு ஓடினார்கள். நிலக்கரியில் இயல்பாகவே சிறிதளவு இருக்கும் யுரேனியமும் தோரியமும், எரித்த பின் சாம்பலில் செறிகின்றன. இந்த வட்டாரத்தில் கதிரியக்கம் பற்றிக் கேள்வி கேட்க விரும்புகிறவர் அனல்மின் நிலையச் சாம்பல் குட்டையில் தொடங்கலாம். உணவிலோ, ஏறக்குறைய எல்லாவற்றிலும் இயல்பாக உள்ள கதிரியக்கப் பொட்டாசியம்-40 நாட்டுப் பாகலிலும் உண்டு, எம்டியு 1 பாகலிலும் உண்டு. அதில் பாகுபாடு இல்லை.

எஞ்சும் எதிர்ப்பு ஒன்று கொஞ்சம் வலுவானது. கதிர், மரபணுவைக் கண்மூடித்தனமாக மாற்றுகிறது. அறியாத மாற்றம் ஒன்று உள்ளே ஒளிந்திருக்கலாமே? இருக்கலாம். ஒட்டுச் சேர்க்கையிலும் இருக்கலாம். எந்தக் கதிரும் பாய்ச்சாத வயலிலும் சடுதிமாற்றம் தானாக நடக்கிறது. மரபணு மாற்றுப் பயிருக்குத் தனி அனுமதிக்குழு வைத்திருக்கும் இந்தியா, கதிர் ரகங்களை வழக்கமான ரகங்களோடே சேர்த்துத்தான் வெளியிடுகிறது. இந்த ஏற்பாடு போதாது என்று கருதுகிறவர்கள், கதிர் ரகம், கலப்பு ரகம் என்று பார்க்காமல் எல்லாப் புது ரகத்துக்கும் உணவுப் பகுப்பாய்வு கேட்கட்டும். அந்தக் கோரிக்கையில் நியாயம் இருக்கும்.