படத்தில் தெரியாத கத்தி

அப்பாவுக்குப் பிறந்தநாள் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். விடுமுறை நாளில் தூண்டிலை எடுத்துக்கொண்டு தெலுக் பாஹாங் பக்கம் மீன் பிடிக்கப் போகிறவர் அவர். நீங்களும் அக்காவும் சேர்த்து வைத்த பணத்தில் அவருக்கு ஒரு மடக்குக் கத்தி வாங்கித் தரலாமே என்று தோன்றுகிறது. தாத்தா காலத்தில் இதைப் பேனாக்கத்தி என்பார்கள். இறகுப் பேனாவின் முனையைச் சீவப் பயன்பட்டதால் வந்த பெயர் அது.

கைப்பேசியில் தேடினால் நூற்றுக்கணக்கான படங்கள் வந்து விழுகின்றன. கறுப்பு வண்ணம் பூசியது, வானவில் நிறத்தில் மின்னுவது, அலை அலையாகக் கோடு போட்டது, 'இராணுவத் தரம்' என்று எழுதியது. எதை வாங்குவது?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு கத்தியின் தரத்தைத் தீர்மானிக்கும் எதுவும் படத்தில் தெரியாது. எஃகில் என்ன கலந்திருக்கிறது, அதை எப்படிச் சூடாக்கிக் குளிர வைத்தார்கள், அது எப்படித் திறக்கிறது, எப்படிப் பூட்டுகிறது என்பவைதாம் தரம். இவற்றைக் கேட்கத் தெரியாதவர் படத்தைத்தான் வாங்குகிறார், கத்தியை அல்ல. கேட்கத் தெரிந்துகொள்ள உங்கள் பள்ளி வேதியியலும் இயற்பியலும் போதும்.

கூர்மை என்பது ஒரு கணக்கு

அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுப்பது. ஒரு மாம்பழத்தின் மேல் 5 சென்டிமீட்டர் நீள விளிம்பை 20 நியூட்டன் விசையுடன் அழுத்துகிறீர்கள். ஏறக்குறைய 2 கிலோ எடையை வைப்பதற்குச் சமம். விளிம்பின் தடிமன் 1 மைக்ரான் என்றால், அங்கே உண்டாகும் அழுத்தம் 400 மெகா பாஸ்கல். காற்று மண்டல அழுத்தத்தைப் போல ஏறத்தாழ 4,000 மடங்கு. அதே விளிம்பு மழுங்கி 20 மைக்ரான் ஆனால், அழுத்தம் இருபதில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். அப்போது நாம் என்ன செய்கிறோம்? இன்னும் பலமாக அழுத்துகிறோம். கை வழுக்குகிறது, விரலில் படுகிறது. மழுங்கிய கத்திதான் ஆபத்தானது என்று அனுபவசாலிகள் சொல்வதன் பொருள் இதுதான்.

ஆகவே வாங்கும் நாளில் கத்தி கூர்மையாக இருக்கிறதா என்பது பெரிய கேள்வி அல்ல. மட்டமான எஃகையும் ஒரு நாளைக்குக் கூர்மையாகத் தீட்டலாம். அந்தக் கூர்மை எத்தனை நாள் நிற்கும் என்பதே கேள்வி.

இணையக் கடைகளின் நட்சத்திர மதிப்பீடுகளையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். பெரும்பாலோர் பொட்டலத்தைப் பிரித்த அன்றே ஐந்து நட்சத்திரம் போட்டுவிடுகிறார்கள். 'விரைவில் வந்தது, அழகாக இருக்கிறது, நன்றி.' இது அஞ்சல்காரருக்குக் கொடுத்த மதிப்பெண். ஆறு மாதம் கழித்து எழுதியவர் யாராவது இருந்தால், அவர் சொல்வதைப் படியுங்கள்.

எஃகின் பெயரைப் படிப்பது எப்படி?

'துருப்பிடிக்காத எஃகு' என்று மட்டும் எழுதியிருந்தால், விற்பவர் உங்களுக்கு ஒன்றுமே சொல்லவில்லை என்று பொருள். நம் வீட்டு எவர்சில்வர் தட்டும் துருப்பிடிக்காத எஃகுதான். அதில் பொதுவாக 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் இருக்கும். ஆனால் அதைச் சூடாக்கிக் குளிரவைத்துக் கடினமாக்க முடியாது. அதில் செய்த கத்தி விரைவில் மழுங்கிவிடும்.

கத்திக்கான எஃகில் கார்பன் வேண்டும். ஆயிரம் பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கித் திடீரெனக் குளிர வைக்கும்போது, கார்பன் அணுக்கள் இரும்பின் படிக அமைப்புக்குள் சிக்கிக்கொள்கின்றன. எஃகு கடினமாகிறது, ஆனால் கண்ணாடிபோல் உடையும் தன்மையும் வருகிறது. அதைத் தணிக்க மறுபடியும் மிதமாகச் சூடாக்குகிறார்கள். கடினமும் உறுதியும் தராசின் இரு தட்டுகள் போல. ஒன்று ஏறினால் மற்றது இறங்கும். கடினத்தை ராக்வெல் அளவீட்டில் சொல்வார்கள். வைரக் கூம்பு ஒன்றை எஃகின் மேல் அழுத்தி, அது எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று பார்ப்பது அந்த முறை. மடக்குக் கத்திகள் பெரும்பாலும் 54 முதல் 62 வரை இருக்கும். எண் பெரிதானால் கூர்மை நீண்ட நாள் நிற்கும். ஆனால் தீட்டுவதும் கடினம், விளிம்பு தெறிக்கும் வாய்ப்பும் அதிகம்.

இனி, விளம்பரங்களில் வரும் புதிர்ப் பெயர்கள். '8சிஆர்13எம்ஓவி' என்பது சீன எஃகு ஒன்றின் பெயர். முதல் எண் கார்பன், விழுக்காட்டின் பத்தில் ஒரு பங்குகளில்: அதாவது 0.8 விழுக்காடு. 'சிஆர்13' என்றால் 13 விழுக்காடு குரோமியம். கடைசியில் இருப்பவை சிறிதளவு மாலிப்டினமும் வனேடியமும். '3சிஆர்13' என்றால்? நீங்களே சொல்லிவிடுவீர்கள். கார்பன் 0.3 விழுக்காடுதான், மென்மையான எஃகு. ஐரோப்பியப் பெயரான 'எக்ஸ்50சிஆர்எம்ஓவி15' என்பதில் 50ஐ நூறால் வகுத்தால் கார்பன் 0.5 விழுக்காடு, குரோமியம் சுமார் 15 விழுக்காடு. தனிம அட்டவணை தெரிந்த எவரும் படிக்கக்கூடிய பெயர்கள் இவை.

பினாங்கின் காற்று

நம் ஊருக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. பினாங்குத் தீவைச் சுற்றிக் கடல். காற்றில் ஆண்டு முழுவதும் ஈரம், அதோடு உப்பு. குளிர்நாட்டில் எழுதிய பரிந்துரைகளை அப்படியே நம்பி வாங்க முடியாது.

குரோமியம் சுமார் பத்தரை விழுக்காட்டைத் தாண்டினால், எஃகின் மேல் சில நானோமீட்டர் தடிமனில் குரோமியம் ஆக்சைடு படலம் ஒன்று உருவாகிறது. கீறினாலும் ஆக்சிஜன் பட்டுத் தானே மூடிக்கொள்ளும். 1913இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரேர்லி, துப்பாக்கிக் குழல்களுக்கு ஏற்ற எஃகைத் தேடியபோது இத்தகைய எஃகு ஒன்றை உருவாக்கினார். அதற்கு முதலில் பயன் கண்டவர்களில் கத்தி செய்வோரும் அடக்கம். சுவிட்சர்லாந்தில் கார்ல் எல்செனர் 1884இல் தொடங்கிய பட்டறையின் பெயரையே இந்த எஃகு மாற்றிவிட்டது. அவருடைய தாயின் பெயர் விக்டோரியா. துருப்பிடிக்காத எஃகுக்கான பிரெஞ்சுச் சொல்லின் சுருக்கமான 'இனாக்ஸ்' 1921இல் அதோடு சேர, 'விக்டோரினாக்ஸ்' பிறந்தது.

ஆனால் உப்பில் உள்ள குளோரைடு அயனிகள் அந்தப் படலத்தைத் துளைக்கும். புள்ளி புள்ளியாகக் குழி விழும். எனவே துருப்பிடிக்காத எஃகையும் கடலுக்குக் கொண்டுபோய் வந்தால் நல்ல தண்ணீரில் கழுவித் துடைக்க வேண்டும்.

இன்னொரு பொறியும் உண்டு. 'டி2' என்ற எஃகை உயர்தரம் என்று விற்கிறார்கள். கூர்மை நிற்பதில் அது உண்மையிலேயே நல்ல எஃகு. குரோமியமும் 12 விழுக்காடு அளவில் இருக்கிறது. அப்படியானால் துருப்பிடிக்காது என்று நினைப்போம். ஆனால் அதில் கார்பன் 1.5 விழுக்காடு. குரோமியத்தின் பெரும்பகுதி கார்பனோடு சேர்ந்து கார்பைடாகிவிடுகிறது. படலம் அமைக்க மிச்சம் இருப்பது போதாது. வறண்ட ஊரில் இது பெரிய குறை அல்ல. தூண்டில் பையில் கிடக்கப்போகும் கத்திக்கு இது பெரிய குறை.

பிரான்சில் 1890இல் தொடங்கிய ஒப்பினெல் கத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே வடிவத்தைக் கார்பன் எஃகிலும் துருப்பிடிக்காத எஃகிலும் விற்கிறார்கள். தீட்டுவது எளிது என்பதால் கார்பன் எஃகை விரும்புவோர் பலர். பாலிக் பூலாவ் தோட்டத்து ஜாதிக்காயையோ மாங்காயையோ அதில் நறுக்கினால், அமிலம் பட்டுக் கத்தி கருத்துப்போகும். உடனுக்குடன் துடைத்து எண்ணெய் தடவும் பழக்கம் உள்ளவருக்கு அது சரி. மீன் பிடிக்கும் அப்பாவுக்குத் துருப்பிடிக்காததுதான் சரி. விலை உயர்ந்ததைவிட, வாங்கிக்கொள்பவரின் வேலைக்குப் பொருந்துவதே நல்ல பரிசு.

அலைக்கோடுகளின் கதை

'டமாஸ்கஸ்' என்று அலைக்கோடுகளோடு மலிவாக வருபவற்றைப் பார்த்து மயங்காதீர்கள். பலவற்றில் அந்தக் கோடுகள் லேசர் கொண்டு மேலே பொறித்தவை. உண்மையான அலைக்கோட்டு எஃகின் வேர் நம்மிடம் இருக்கிறது. தென்னிந்தியாவில் மண்குகையில் இட்டு உருக்கிய எஃகை ஐரோப்பியர் 'வூட்ஸ்' என்றார்கள். 'உருக்கு', 'உக்கு' என்ற திராவிடச் சொற்களிலிருந்து அந்தப் பெயர் வந்திருக்கலாம் என்பர். தமிழ்நாட்டின் கொடுமணலில் இரும்பு உருக்கிய உலைகளின் எச்சங்கள் கிடைத்திருக்கின்றன. மின்காந்தத்தில் நீங்கள் படிக்கும் மைக்கேல் ஃபாரடே, இளமையில் ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற கத்தி செய்பவரோடு சேர்ந்து வூட்ஸை ஆராய்ந்தார். 1822இல் வெளியான அவர்களுடைய கட்டுரையில் எஃகில் குரோமியம் கலந்து பார்த்த சோதனையும் இருக்கிறது.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். நமக்கு வடக்கே கெடாவில், குனோங் ஜெராய் பக்கம் சுங்கை பத்துவில், பழங்காலத்தவர் இரும்பு உருக்கிய இடங்களைப் பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் தோண்டி எடுத்திருக்கிறார்கள். உலைக்குக் காற்று ஊதிய களிமண் குழாய்களும் அங்கே கிடைத்தன. இப்படி ஒரு மரபின் அருகில் வாழ்ந்துகொண்டு, ஒட்டுக்கோடுகளைப் பார்த்து ஏமாறலாமா?

வாங்கக் கூடாதவை

பொத்தானை அழுத்தினால் வில்விசையால் தானே பாய்ந்து திறக்கும் கத்தியும், குத்துவாளும் மலேசியாவுக்குள் கொண்டுவரத் தடை செய்யப்பட்ட பொருட்கள். வெளிநாட்டு விற்பனையாளர் அனுப்பத் தயாராக இருக்கிறார் என்பதால் அது சட்டப்படி சரியாகிவிடாது. விரல் நகத்தால் இழுத்துத் திறக்கும் எளிய கத்தியே பரிசுக்கு ஏற்றது. பூட்டு இல்லாத கத்தி, தவறாக அழுத்தினால் விரல் மேல் மடங்கலாம். ஒப்பினெல்லில் 1955இல் வந்ததுபோன்ற சுழல் வளையப் பூட்டு இருந்தால் அந்தக் கவலை குறையும்.

1958ஆம் ஆண்டின் அபாயகரமான ஆயுதங்கள் பற்றிய சட்டம் இன்னும் கடுமையானது. முறையான காரணம் இல்லாமல் பொது இடத்தில் ஆயுதம் வைத்திருந்தால் 5 முதல் 10 ஆண்டு வரை சிறை, பிரம்படியும் உண்டு. தூண்டில் பையில் இருக்கும் கத்திக்குக் காரணம் இருக்கிறது. பள்ளிப் பையில் இருக்கும் கத்திக்கு எந்தக் காரணமும் இல்லை.

2025 அக்டோபரில் சிலாங்கூரில் ஓர் இடைநிலைப்பள்ளி மாணவி, பள்ளியிலேயே கத்திக்குத்துக்கு ஆளாகி உயிரிழந்ததை நாம் மறக்கவில்லை. அதன் பிறகு கத்தி என்ற சொல்லையே பிள்ளைகள் முன் எடுக்கக் கூடாது என்று நினைக்கும் பெற்றோர் உண்டு. அவர்களுடைய அச்சத்தை மதிக்கிறேன். ஆனால் பேசாமல் இருந்தால் கத்தியைப் பற்றி உங்களுக்குச் சொல்லித்தருபவை விளம்பரப் படங்கள் மட்டுமே. அவை கத்தியை வீரத்தின் அடையாளமாகக் காட்டுகின்றன. அறிவியல் அதை ஒரு கருவியாகக் காட்டுகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஆகவே மூன்று விதிகளை வைத்துக்கொள்ளுங்கள். கத்தியைப் பெரியவருக்கு மட்டுமே பரிசளியுங்கள், வகுப்புத் தோழருக்கு வேண்டாம். அம்மாவோ அண்ணனோ தம் பெயரில் வாங்கித் தரட்டும், உங்கள் கணக்கில் வேண்டாம். பணம் கட்டும் முன் விற்பனையாளரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: 'இது என்ன எஃகு?' பதில் வரவில்லை என்றால் அடுத்த கடைக்குப் போங்கள்.

பொட்டலம் வந்ததும் குளிர்ப்பெட்டியில் ஒட்டியிருக்கும் காந்தத்தை அலகில் வைத்துப் பாருங்கள். கடினமாக்கக்கூடிய கத்தி எஃகைக் காந்தம் நன்றாகப் பிடிக்கும். எவர்சில்வர் தட்டை அநேகமாகப் பிடிக்காது. காந்தம் ஒட்டினால் நல்ல கத்தி என்று உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் ஒட்டாவிட்டால் திருப்பி அனுப்பலாம்.

கொடுக்கும்போது ஒன்று. கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்று பாட்டி சொல்வார். சண்டை வருமோ வராதோ, விரலில் வெட்டு விழ வாய்ப்பு உண்டு. மடக்கி, மேசை மேல் வையுங்கள். அப்பா எடுத்துக்கொள்ளட்டும். கூடவே ஒரு தாளில் எஃகின் பெயரையும், கடலிலிருந்து வந்தால் கழுவித் துடைக்க வேண்டும் என்பதையும் உங்கள் கையெழுத்தில் எழுதி வையுங்கள்.